பதில்: 'பரஸ்பர உதவி'க்கு மாற்றா ஒரு சொல் – ஒத்துதவி சரிவருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

அரசே வேணாம்னு சொன்ன ரஷ்ய சிந்தனையாளர் க்ரோபோட்கின் 1902ல வெளியிட்ட புத்தகத்தோட முதல் அத்தியாயத்த தமிழ்ல கொண்டுவர்ற வேலைல இருக்கேன், 'மியூச்சுவல் எய்ட்'ங்கிற (ஒருத்தருக்கொருத்தர் உதவிக்கிறது) ஒரே சொல்லுல பத்து நாளா மாட்டிக்கிட்டு நிக்கிறேன். இதுவரைக்கும் இங்க வந்த சொற்கள் பத்தி என் மனசுல பட்டத சொல்லிடுறேன்.

> பரஸ்பர உதவினே வச்சிக்கலாமே, எல்லாருக்கும் புரியுமே

புரியும் ஐயா, ஆனா பரஸ்பர நிதினு மியூச்சுவல் ஃபண்டுக்கு அந்த பரஸ்பரத்த கொடுத்து ரொம்ப நாளாச்சு, இப்ப அந்த சொல்ல படிச்சாலே முதலீட்டு விளம்பரம்தான் ஞாபகத்துக்கு வருது. கூட்டுறவும் அப்படித்தான், ரேஷன் கடை, பயிர்க்கடன், பதிவாளர் ஆபீஸ்னு முழுக்க அரசாங்க வாசனை. அரசே இல்லாம மக்கள் சேர்ந்து வாழ முடியும்னு சாகுறவரை சொன்ன மனுஷனுக்கு அத எப்படி வைக்கிறது?

> வள்ளுவர் தந்த ஒப்புரவு இருக்கே

அக்கா சொன்ன இந்த சொல்லுதான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வச்சது, அழகான சொல்லு. ஆனா அந்த அதிகாரத்துல வர்ற ஊருணி, பயன்மரம், மருந்துமரம் எல்லாமே இருக்கிறவன் கைல இருந்து இல்லாதவனுக்கு போற செல்வத்துக்கு சொன்ன உவமை. க்ரோபோட்கின் 1842ல மாஸ்கோவுல இளவரசனா பொறந்தவர், அவங்க அப்பாவுக்கு ஆண்கள மட்டும் கணக்கெடுத்தாலே சுமார் 1,200 பண்ணையடிமைங்க, மேல இருந்து கீழ போற கருணைய வீட்டுக்குள்ளயே பாத்து அத வேணாம்னு விட்டு வந்தவர் அவர். அவர் பேசுறது ஒரே மட்டத்துல நிக்கிறவங்க பத்தி.

அவர் எதை பாத்து அப்படி பேசுனார்னு யோசிச்சா சொல்லு தானா வரும்னு தோணுது. 1862ல, பத்தொன்பது வயசுல, தலைநகர்ல சொகுசான ராணுவ வேலை கிடைக்கும்போது சைபீரியாவ கேட்டு வாங்கிட்டு போனார். ஒரே இனத்துக்குள்ள கடும் போட்டி இருக்கும்னு தேடி தேடி பாத்தும் பெருசா கண்ணுல படல, அவர் பாத்தது பனி கொட்டுறதுக்கு முன்னாடி ஆமூர் நதிய குறுகலான இடத்துல கடக்க எங்கெங்கேயோ இருந்து வந்து ஆயிரக்கணக்குல கூடுன மான்கள. பிறகு 1888ல டார்வின் பக்கம் நின்ன உயிரியலாளர் ஹக்ஸ்லி ஒரு பத்திரிகைல விலங்குலகத்த ரோமாபுரி வாள்சண்டை மாதிரினு எழுதினப்ப, அதே பத்திரிகைல 1890ல இருந்து பதில் கட்டுரைகள் எழுதினார், அதுதான் 1902ல புத்தகமாச்சு.

எனக்கு பிடிச்ச இடம் 1882ல இங்கிலாந்தோட பிரைட்டன் மீன் காட்சியகத்துல க்ரோபோட்கின் நேர்ல பாத்தது. தொட்டி மூலைல பெரிய மொலுக்கா நண்டு ஒண்ணு (நண்டுனு பேருதான், சிலந்திக்குதான் அது கிட்டத்து சொந்தம்) மல்லாக்க விழுந்துடுச்சு, சட்டி மாதிரி கனமான ஓடு, போதாததுக்கு அங்க ஒரு இரும்புக் கம்பி வேற குறுக்க. ரெண்டு நண்டு வந்து கீழ இருந்து முட்டி தூக்குது, நிமிர்ற நேரத்துல கம்பி தடுத்து திரும்ப தொபுக்குனு விழுது, திரும்ப தூக்குது, முடியலைன்னதும் ஒண்ணு தொட்டியோட ஆழத்துக்கு போய் இன்னும் ரெண்டு பேர கூட்டிட்டு வருது. ரெண்டு மணி நேரத்துக்கு மேல அங்க இருந்துட்டு கிளம்பும்போது எட்டிப் பாத்தா அப்பவும் தூக்கிட்டேதான் இருந்துச்சாம்.

இதுல கைம்மாறும் இல்ல கருணையும் இல்ல. அதனால ஒருத்தர் சொன்ன கைமாத்தும் சரிவராது, அதுல திருப்பித் தரணும்ங்கிற கணக்கு இருக்கு. ஒத்தாசை கிட்ட வருது, ஆனா 'கொஞ்சம் ஒத்தாசை பண்ணுப்பா'னு ஒரு பக்கமாத்தான் கேக்குறோம்.

அதான் ஒத்துதவினு போடலாமானு கேக்குறேன். ஒத்து + உழைப்பு ஒத்துழைப்பு ஆன அதே வழி, ஒத்துங்கிறதுல சேர்ந்துங்கிற பொருளும் இருக்கு, சமமாங்கிற பொருளும் இருக்கு. ஒத்துதவிக் குழு, ஒத்துதவிச் சங்கம், ஒத்துதவி உணர்வுனு எழுதி வாய்விட்டு படிச்சு பாத்தேன், நாக்கு தடுக்கல. முதல் தடவ பாக்குறவங்களுக்கு ஒத்து-தவினு பிரிஞ்சு படும்ங்கிறது ஒரு குறைதான், ஒத்துழைப்புக்கு பழகுன கண்ணு இதுக்கும் பழகிடும்னு நம்புறேன்.

வேற சொல்லு சொல்றவங்க அந்த நண்டு பத்தின வரிகள்ல அத வச்சு படிச்சு பாத்துட்டு சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை வரைக்கும் அந்த இடத்த காலியா விட்டு வைக்கிறேன்.