பாஸ் கொடுப்பதைக் குறைக்கச் சொல்கிறார்கள், மகள் என்ன செய்யலாம்?

நல்லூர்_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு 16 வயது, இந்த முறை ஓ/எல் எழுதுகிறாள். கல்லூரி கூடைப்பந்து அணியில் பொயின்ற் கார்ட், பந்தைக் கொண்டுபோய் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற இடம். நான் படிக்கிற காலத்தில் வலைப்பந்து விளையாடினேன், சென்ரர். சின்ன வயதிலேயே அவளுக்குப் பந்து எறிந்து பிடிக்கப் பழக்கியது நான்தான். கூடைப்பந்தின் நுணுக்கம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

போன கிழமை மட்ச்சில் இடது பக்கம் பந்தோடு நின்றாள். மூலையில் நின்ற பிள்ளையைப் பார்த்தாள். தடுத்தவளும் அந்தப் பக்கம் ஒரு கால் வைத்தாள். அந்தக் கால் விழுந்ததுதான் தாமதம், பந்தை நிலத்தில் ஒரு குத்துக் குத்தி, ரிங்குக்குக் கீழே ஓடி வந்த இன்னொரு பிள்ளைக்கு அனுப்பினாள். அந்தப் பிள்ளை திரும்பவே இல்லை. பந்து அவளின் முழங்காலில் பட்டு வெளியே போனது. பயிற்றுநர் மகளைக் கூப்பிட்டு, "யாருக்குக் குடுக்கிறாய்? நீயே கொண்டுபோய்ப் போடு" என்று பேசினார். அதற்குப் பிறகு மட்ச் முடியும் வரை பக்கத்தில் நிற்கிறவளுக்கு மட்டும்தான் பாஸ்.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது, "அம்மா, நான் பாஸ் பண்ணுறது பிழையா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பயிற்றுநரைக் குறை சொல்ல நான் வரவில்லை, வெயில் மழை பார்க்காமல் பிள்ளைகளோடு நிற்கிற மனிதர். ஆனால் அவளிடம் இருக்கிற ஒரு நல்ல விஷயம் கையை விட்டுப் போகிறதோ என்று மனம் கிடந்து அடிக்கிறது. அவள் பாஸை எளிதாக்க வேண்டுமா, கூடப் புள்ளி போடப் பழக வேண்டுமா? வீட்டில் நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

கம்பஸ்_பொடியன்

அம்மா, பயிற்றுநர் சொன்னது சரி என்றுதான் நினைக்கிறேன். பள்ளிக்கூட மட்ச்சில் கடைசியில் பார்ப்பது புள்ளியை மட்டும்தான். பிடிக்கத் தெரியாதவளுக்கு எவ்வளவு நல்ல பாஸ் கொடுத்தும் பிரயோசனம் இல்லை. நான் விளையாடிய காலத்தில் எங்கள் அணியில் பந்தை ஒழுங்காகப் பிடிக்கிற ஆட்கள் இரண்டு பேர்தான், அவர்களைத் தேடித்தான் கொடுப்பேன். தங்கச்சிக்கு வேகம் இருந்தால் நேரே உள்ளே போகச் சொல்லுங்கள்.

பழைய_கார்ட்

அம்மா, நான் கொக்குவில் பக்கம் பெண் பிள்ளைகளுக்குப் பல வருடமாகக் கூடைப்பந்து பழக்குகிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அது நல்ல பாஸ். தடுக்கிறவளின் கால் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து எறிவதைச் சொல்லிக்கொடுத்து வரவைப்பது சரியான கஷ்டம். உங்கள் மகளுக்கு அது 16 வயதிலேயே வந்திருக்கிறது. தயவுசெய்து யாரும் அதை நிறுத்திவிடாதீர்கள். கம்பஸ் தம்பி, பிடிக்கத் தெரியாதவளுக்குப் பந்தே போகாவிட்டால் அவள் எப்போதுதான் பிடிக்கப் பழகுவாள்? இரண்டு பேருக்கு மட்டும் பாஸ் போகிற அணியை மூன்றாவது மட்ச்சுக்குள் எல்லா எதிரணியும் படித்துவிடும்.

வலைப்பந்திலிருந்து வருகிற பிள்ளைகளைப் பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிடும். அங்கே பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது, 3 செக்கனுக்குள் கைவிட்டாக வேண்டும். அதனால் பந்து கைக்கு வரும் முன்னரே அடுத்தது யாருக்கு என்று பார்த்து வைத்திருப்பார்கள். ஆள் நிற்கிற இடத்துக்கு எறியாமல் ஆள் போகிற இடத்துக்கு எறிவார்கள். அந்தக் கண் நீங்கள் கொடுத்தது அம்மா.

ஆனால் அதோடு இன்னொரு பழக்கமும் சேர்ந்து வரும். தட்டுவதை நிறுத்தி, இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து, நின்று, பிறகு எறிவது. வலைப்பந்தில் தடுக்கிறவள் 0.9 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும் என்று விதி இருப்பதால் அது சரிவரும். கூடைப்பந்தில் அப்படி ஒரு இடைவெளி கிடையாது. தட்டுவதை நிறுத்தியவுடன் தடுக்கிறவள் நெஞ்சோடு வந்து ஒட்டிக்கொள்வாள், மற்ற நான்கு பேரும் "இனி எறியத்தான் போகிறாள்" என்று வழிகளை மறிப்பார்கள். 5 செக்கனுக்குள் பந்தை விடாவிட்டால் அது எதிரணிக்குப் போய்விடும். உங்கள் மகளிடம் இது இருக்கிறதா என்று அடுத்த மட்ச்சில் பாருங்கள். இருந்தால் முதல் வேலை அதுதான்.

வீட்டில் செய்யக்கூடியது: மதிலில் நெஞ்சு உயரத்துக்குக் கரியால் ஒரு வட்டம் போடுங்கள். நான்கைந்து அடி வைத்துத் தள்ளி நின்று வலது கையால் பந்தைத் தட்ட வேண்டும். தட்டிக்கொண்டே, மற்றக் கையைச் சேர்க்காமல், அதே கையால் வட்டத்துக்குத் தள்ள வேண்டும். பந்து நிலத்திலிருந்து எழும்பி இடுப்பளவு வரும்போதே உள்ளங்கை அதன் பின்பக்கம் போயிருக்க வேண்டும், மேலே வந்த பிறகு கையைத் திருப்பினால் பிந்திவிடும். திரும்பி வருகிற பந்தைப் பிடித்து, இடது கையால் அதே வேலை. இடது கைக்குக் கூட நேரம் கொடுங்கள். பின்னேரம் ரியூசனுக்குப் போக முன் 15 நிமிடம் போதும். ஓ/எல் வருடம், அதற்கு மேல் கேட்பதும் நியாயம் இல்லை.

சரி, புள்ளி விஷயம். பயிற்றுநர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பாஸ் கொடுக்கிறவள் ரிங்கைப் பார்க்கவே இல்லை என்றால், தடுக்கிறவள் இரண்டு அடி பின்னால் போய் நின்று பாஸ் போகிற வழியில் கையை நீட்டிக்கொண்டிருப்பாள். இவள் எறிந்தால் உள்ளே போகும் என்று பயம் இருந்தால்தான் அவள் கிட்ட வருவாள், அவள் கிட்ட வந்தால்தான் பின்னால் இடம் திறக்கும். ஆகவே மகள் ஷூட் பண்ணப் பழக வேண்டும், ஆனால் பாஸைக் கைவிட்டு அல்ல, பாஸுக்காக. மூன்று புள்ளிக் கோடு 6.75 மீற்றர், இந்த வயதில் அதற்கு அவசரம் வேண்டாம். வலது கையாலும் இடது கையாலும் லே-அப் (ரிங்குக்குக் கிட்ட ஓடிப்போய்ப் போடுவது), ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கிற தனி ஷூட்) கோட்டைச் சுற்றி நின்று ஒரு நல்ல ஷூட், இப்போதைக்கு இவ்வளவும் போதும்.

இனி அந்த முழங்காலில் பட்ட பந்து. பாஸுக்கு இரண்டு முனை இருக்கிறது. எங்கள் வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தை நினைத்துப் பாருங்கள். 2 மீற்றருக்கு மேல் உயரம், மேலே எறிந்தால் வேறு யாருக்கும் எட்டாது. இலங்கை 2018இல் ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை எடுத்தபோது அவருக்கு வந்த பந்துகள் அப்படித்தான் வந்தன. ஆனால் அந்த உயரத்துக்கு, அந்த நேரத்தில் எறிய மற்றவர்களும் பழகியிருக்க வேண்டுமே. உங்கள் மகள் ரிங்குக்குக் கீழே ஓடுகிற அந்தப் பிள்ளையோடு பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் தனியாக நிற்கட்டும். எந்தக் கையில் பந்து வந்தால் அவளுக்கு வசதி, எந்த உயரத்தில் வேண்டும் என்று கேட்கட்டும். வெட்டி ஓடும்போது இரண்டாவது அடியில் கையைக் காட்டித் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று பேசி வைக்கட்டும். பொயின்ற் கார்ட் இதைத் தானே முன்னின்று செய்தால் அணி முழுவதும் மாறும், நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, ஸ்கோர் ஷீட்டில் புள்ளியும் ஃபவுலும்தான் எழுதுவார்கள், பாஸுக்கு இடமே இல்லை. நீங்கள் மதிலோரம் நின்று பார்க்கிறீர்கள் தானே, ஒரு கொப்பியில் குறியுங்கள். அவள் கொடுத்த பாஸில் மற்றவளுக்கு நல்ல ஷூட் கிடைத்ததா? போட்டது உள்ளே போகாவிட்டாலும் எழுதுங்கள். பாஸை வாங்கியவள் ஷூட் பண்ணும்போது எதிரணி அவளை அடித்து, ஃப்ரீ த்ரோ ஒன்றாவது உள்ளே போனால், சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபீபாவின் கணக்கில் அதுவும் அசிஸ்ட்தான், அதாவது புள்ளிக்கு வழிவிட்ட பாஸ். பந்து பறிபோனால் காரணத்தையும் எழுதுங்கள்: ஆள் இல்லாத இடத்துக்கு எறிந்தாளா, எறிந்த விதம் பிழையா, பிடிப்பவள் பார்க்கவில்லையா. சில மட்ச் கழித்து அந்தக் கொப்பியோடு பயிற்றுநரிடம் போய்க் கதையுங்கள். குறை சொல்கிற மாதிரி இல்லாமல், "சேர், இதில் எதைத் திருத்தலாம்?" என்று கேளுங்கள். பிள்ளைகளுக்காக வெயிலில் நிற்கிற மனிதர் கட்டாயம் பார்ப்பார்.

ஸ்காபரோ_யாழ்

பழைய கார்ட் அக்கா எழுதியதை அப்படியே ஆமோதிக்கிறேன். நான் இங்கே பெண்கள் கூடைப்பந்தை விடாமல் பார்க்கிறவன், ஒரு உதாரணம் மட்டும் சொல்கிறேன்.

கெய்ட்லின் கிளார்க், அயோவா பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் விளையாடிய பெண். 3,951 புள்ளி. எல்லோரும் அதைத்தான் கதைப்பார்கள். அதே நான்கு வருடத்தில் 1,144 அசிஸ்ட் கொடுத்திருக்கிறாள் என்பது கனபேருக்குத் தெரியாது. அவள் மைதானத்தின் நடுவுக்குப் பக்கத்தில் இருந்தே ஷூட் பண்ணுவாள் என்ற பயத்தில் தடுக்கிறவர்கள் மேலே ஏறி வருவார்கள், ரிங்குக்குக் கீழே ஆள் தனியே நிற்கும். அக்கா சொன்ன அதே விஷயம்.

2024 மே மாதம் தொழில்முறையாக விளையாடிய முதல் மட்ச்சிலேயே 10 தடவை பந்தைப் பறிகொடுத்தாள். அவள் பார்க்கிற வேகத்துக்குப் புது அணி பழகியிருக்கவில்லை, எதிரணியும் கடுமையாக நெருக்கியது. பாஸைக் குறைத்தாளா? இல்லை. யூலையில் ஒரே மட்ச்சில் 19 அசிஸ்ட். அந்தப் பருவம் முடியும்போது 337, அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூஎன்பிஏயில் ஒரு பருவத்தில் அதற்கு முன் யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. பறிகொடுத்த பந்தும் அந்தப் பருவத்தில் அவளுக்குத்தான் ஆகக்கூட, 223. இரண்டு கணக்கும் ஒரே ஆளுடையவை. தங்கச்சிக்கு அந்த இரண்டு இலக்கத்தையும் சேர்த்துக் காட்டுங்கள்.

கம்பஸ்_பொடியன்

ஸ்காபரோ அண்ணா, அவளின் அணியில் எல்லோரும் தொழில்முறை ஆட்கள். எங்கள் பிள்ளைகள் கிழமையில் இரண்டு மூன்று நாள்தான் பயிற்சிக்கு வருகிறார்கள், அதிலும் பாதி நாள் வகுப்பு. ஆனாலும் அக்கா சொன்ன அந்தப் பத்து நிமிட விஷயம் நல்லது. எங்கள் காலத்தில் யாரும் அப்படிச் சொல்லித் தரவில்லை.

பழைய_கார்ட்

தம்பி, அதனால்தான் எல்லோரோடும் இல்லாமல் ஒரே ஒரு பிள்ளையோடு தொடங்கச் சொன்னேன். ஒருத்தி பிடிக்கத் தொடங்கினால் அடுத்தவள் தானாகக் கேட்டு வருவாள்.

நல்லூர்_அம்மா

மூன்று பேருக்கும் மனம் நிறைந்த நன்றி. நின்று, இரண்டு கையாலும் பிடித்து எறிகிற பழக்கம் அவளிடம் அப்படியே இருக்கிறது. நேற்றுக் கேட்டதற்கு, "ஓம் அம்மா, அப்பதான் ஆக்கள் வந்து மறிக்கினம்" என்றாள். மதிலில் வட்டம் போட்டாயிற்று. ரிங்குக்குக் கீழே ஓடுகிற அந்தப் பிள்ளை எங்களுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு கேள்வி மட்டும். வீட்டில் இருப்பது அண்ணனின் பழைய பந்து, 7ஆம் இலக்கம். அதில் பழகலாமா? மற்றது, எங்கள் கூடைப்பந்துக் கோட் திறந்த வெளி. சோளகக் காற்று அடிக்கிற நாளில் உயர எறிகிற பந்து எங்கோ போகிறது, அதற்கு என்ன செய்யலாம்?

பழைய_கார்ட்

7 வேண்டாம் அம்மா, அது ஆண்களுக்கு. பெண்களுக்கு 6ஆம் இலக்கம்தான். ஒரு கையால் தள்ளிப் பழகும்போது பெரிய பந்தென்றால் மணிக்கட்டு சரியாக மடியாது, மற்றக் கையைச் சேர்க்கத்தான் மனம் வரும். சீமெந்துத் தரைக்கு ரப்பர் பந்தே எடுங்கள், நல்ல தோல் பந்து வெளியில் சீக்கிரம் தேய்ந்து வழுக்கத் தொடங்கும்.

காற்று நாளில் குறுக்கே உயர எறிவதை விடட்டும். நிலத்தில் குத்தி அனுப்பலாம், இல்லாவிட்டால் நெஞ்சு உயரத்தில் நேராக, வேகமாக. குத்தி அனுப்பும்போது பிடிப்பவளுக்குக் கிட்ட, தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தாண்டிய இடத்தில் பந்து விழ வேண்டும், அப்போது இடுப்பளவில் கைக்கு வரும். விளையாடத் தொடங்க முன் இரண்டு பக்க ரிங்குக்கும் ஒவ்வொரு பந்து எறிந்து, காற்று எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்து வைக்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிள்ளைகளும் எப்படிச் செய்தார்கள் என்று இங்கே எழுதுங்கள்.