எம்எஸ்சி ப்ராஜெக்ட்ல டேபிளே காப்பி, "பர்சென்டேஜ் குறைச்சா போதும்"னு சொல்றாங்க, என்ன பண்றது?

மைக்ரோ_மேடம்:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிச்சிட்டு சொல்லுங்க. தென்மாவட்டத்துல ஒரு ஆட்டோனமஸ் காலேஜ்ல மைக்ரோபயாலஜி ஸ்டாஃப் நான், இந்த வருஷம் எம்எஸ்சி ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டர் வேலையும் என் தலையிலதான். வைவாவுக்கு முன்னாடி எல்லா டெசர்டேஷனையும் காப்பி கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர்ல போட்டு ரிப்போர்ட் எடுக்கணும், எடுத்ததுல ஒரு பொண்ணோடது 43 சதவீதம் மத்த எழுத்தோட ஒத்துப்போகுதுன்னு வந்திருக்கு. குப்பைமேனி இலை எக்ஸ்ட்ராக்ட்டோட ஆன்டிபாக்டீரியல் ஆக்டிவிட்டி, வருஷா வருஷம் ஏதாவது ஒரு காலேஜ்ல யாராவது பண்ற டாபிக்.

43ஐ விட எனக்கு உறுத்தறது வேற. ஜோன் ஆஃப் இன்ஹிபிஷன் (மருந்தைச் சுத்தி பாக்டீரியா வளராம இருக்கிற வட்டத்தோட அளவு) டேபிள் இருக்குல்ல, அது எங்க டிபார்ட்மென்ட் லைப்ரரில இருக்கிற ஒரு பழைய பேட்ச் டெசர்டேஷன்ல வந்த அதே டேபிள். ஸ்டாஃபைலோகாக்கஸ், ஈ.கோலை, சூடோமோனாஸ் மூணுக்கும் மில்லிமீட்டர் கணக்கு மட்டும் இல்ல, ஸ்டாண்டர்ட் டீவியேஷன்ல தசமத்துக்கு அப்புறம் வர்ற நம்பர் வரைக்கும் ஒண்ணு. ஒரே ஆள் ஒரே வாரத்துல ரெண்டு தடவை ப்ளேட் போட்டாலே (தட்டுல பாக்டீரியா வளர்த்து சோதிச்சாலே) அது அப்படி வராது. சாஃப்ட்வேர் இதைப் பிடிக்கவே இல்ல, பழைய டெசர்டேஷன் பிரின்ட்ல மட்டும்தானே இருக்கு, பக்கத்துல வச்சு பார்த்ததுலதான் தெரிஞ்சது.

ஹெச்ஓடி கிட்ட போனேன், "வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்தி எழுதி பத்துக்கு கீழ கொண்டு வரச் சொல்லுங்கம்மா, வைவா தேதி எல்லாம் ஃபிக்ஸ் ஆயாச்சு"ன்னு முடிச்சிட்டார். கைடு எங்களுக்கெல்லாம் சீனியர், "அந்தப் புள்ள வீட்லயே முதல்ல டிகிரி படிக்க வந்தவ, அவ வாழ்க்கையில கை வைக்காதீங்க"ங்கறார். இன்னொரு ஸ்டாஃப் ரெஜிஸ்ட்ரேஷனையே கேன்சல் பண்ணணும்ங்கறாங்க. இத்தனை பேர் பேசிட்டோம், அந்தப் பொண்ணுகிட்ட இதுவரைக்கும் யாரும் ஒரு கேள்வி கேக்கல. அவ க்ளாஸ்மேட் சொன்னது, இன்ட்ரொடக்‌ஷன் முழுக்க தமிழ்ல எழுதி சாட்ஜிபிடில போட்டு இங்கிலீஷ் ஆக்கினாளாம். அதுவும் தப்புல சேருமா? முறைப்படி எங்க இருந்து ஆரம்பிக்கணும், யாராவது இந்த மாதிரி கமிட்டில இருந்தவங்க சொல்லுங்க.

ஓய்வு_சிஓஇ:

மேடம், பரீட்சை கண்ட்ரோலர் ஆஃபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவன் நான், அதனால நேரா ப்ரொசீஜருக்கு வரேன். யுஜிசியோட 2018 பிளேஜியரிசம் (எழுத்துத் திருட்டு) ரெகுலேஷன் இருக்கு, எம்ஏ எம்எஸ்சி டெசர்டேஷனும் அதுக்குள்ளதான் வரும், பிஹெச்டிக்கு மட்டும்னு நிறைய பேர் நினைச்சிட்டு இருக்காங்க. அதுல ஸ்டெப் தெளிவா இருக்கு. டிபார்ட்மென்ட் லெவல்ல ஒரு பேனல், ஹெச்ஓடி சேர்மன், வெளி டிபார்ட்மென்ட் சீனியர் ஒருத்தர், சாஃப்ட்வேர் தெரிஞ்ச ஒருத்தர், ஆக மூணு பேர். அவங்க விசாரிச்சு 45 நாளுக்குள்ள ரிப்போர்ட்டை காலேஜ் லெவல் பேனலுக்கு அனுப்பணும், அந்தப் பேனலுக்கும் 45 நாள், அதுல வெளி நிறுவனத்து ஆள் ஒருத்தர் கட்டாயம் இருக்கணும். தண்டனைய முடிவு பண்றது மேல இருக்கிற பேனல். உங்க ஹெச்ஓடி தனியா "மாத்தி எழுது"ன்னு சொல்லி முடிக்கிறதுக்கும் ரூல்ல இடம் இல்ல, அந்த இன்னொரு ஸ்டாஃப் ஸ்டாஃப்ரூம்ல உக்காந்து கேன்சல்னு சொல்றதுக்கும் இல்ல.

இப்ப பர்சென்டேஜ். 10 வரைக்கும் தண்டனை கிடையாது. 10க்கு மேல 40 வரைக்கும் போனா திருத்தி திரும்பக் கொடுக்கலாம், அதிகபட்சம் ஆறு மாசம். 40 தாண்டி 60 வரைக்கும்னா ஒரு வருஷத்துக்கு திருத்தினதையும் கொடுக்க முடியாது. 60 தாண்டினாதான் ரெஜிஸ்ட்ரேஷன் கேன்சல். அதனால 43க்கு கேன்சல்ங்கற பேச்சே வராது. ஆனா 43ன்னா ஒரு வருஷம், 39ன்னா ஆறு மாசத்துக்குள்ள முடியும், நாலு பாயின்ட்ல ஒரு பொண்ணோட ஒரு வருஷம் தொங்குது. அதனால அந்த ரிப்போர்ட் எந்த செட்டிங்ல எடுத்ததுன்னு முதல்ல பாருங்க. ரெஃபரன்ஸ், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, சட்டப் பகுதிகள், ஸ்டாண்டர்ட் ஈக்வேஷன், முறையா மேற்கோள் காட்டினது எல்லாம் கழிக்கணும், தொடர்ச்சியா 14 வார்த்தைக்குள்ள வர்ற பொதுவான ஒற்றுமையும் கணக்குல வராது. நான் பார்த்த கேஸ்ல பாதிக்கு மேல பிப்ளியோகிராஃபியோட சேர்த்து ரன் பண்ணி ரிப்போர்ட் கொண்டு வருவாங்க, கழிச்சுப் பார்த்தா லெவலே மாறிடும். மெட்டீரியல்ஸ் அண்ட் மெத்தட்ஸ்ல அகர் வெல் டிஃப்யூஷன் சோதனை எப்படிப் பண்றதுன்னு எத்தனை விதமா எழுதிட முடியும், அங்க சிவப்புக் கலர் வந்தாலே திருட்டுன்னு ஆகாது, ஆள் உக்காந்து வரி வரியா பார்க்கணும்.

டேபிள் விஷயம்தான் கனமானது. ரெகுலேஷன்ல பிளேஜியரிசம்னா அடுத்தவங்க வேலையையோ ஐடியாவையோ எடுத்து தன்னோடதா காட்டறதுன்னு விளக்கம் இருக்கு, அதுக்குள்ள இது அப்படியே வருது. ஆனா தண்டனை ஏணி முழுக்க எழுத்து ஒற்றுமைய வச்சுதான் போட்டிருக்காங்க, இல்லாத டேட்டாவை இருக்கிறதா எழுதினதுக்கு அந்த சதவீதத்துல பதில் கிடைக்காது. ஹெச்ஓடி சொன்ன மாதிரி வார்த்தைய மாத்தி 9 கொண்டு வந்தாலும் அந்த டேபிள் அப்படியே உள்ள இருக்கும், அதுல எல்லாரும் கையெழுத்தும் போட்டிருப்பீங்க. நாளைக்கு டிகிரி கொடுத்த பிறகு நிரூபணம் ஆச்சுன்னா அந்த டிகிரியையே பேனல் சொல்ற காலத்துக்கு நிறுத்தி வைக்க அதே ரெகுலேஷன்ல வழி இருக்கு. வேலைக்குப் போன பிறகு அது நடந்தா எப்படி இருக்கும்னு கைடு சார்கிட்ட கேளுங்க, அந்தப் பொண்ணு மேல அக்கறை இருந்தா இப்பவே பார்த்து முடிக்கிறதுதான் அவளுக்கு நல்லது.

லேப்_ஸ்காலர்:

மேடம், நான் பிஹெச்டி ஸ்காலர், அஞ்சாறு எம்எஸ்சி பசங்க ப்ராஜெக்டுக்கு கூட நின்னு வேலை பார்த்திருக்கேன், அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன். இவ ப்ளேட் போட்டாளா இல்லையாங்கறத முதல்ல பாருங்க, ஏன்னா ரெண்டும் வேற வேற கதை. நிறைய டிபார்ட்மென்ட்ல ப்ராஜெக்ட்னு டைம்டேபிள்ல இருக்கும், லேப்ல மீடியா (பாக்டீரியா வளர்க்கிற ஊட்டப்பொருள்) இருக்காது, ஆட்டோகிளேவ் (கிருமி நீக்கற மெஷின்) ரிப்பேர், பாக்டீரியா கல்ச்சர் வாங்க காசு பசங்க கையில இருந்து போடணும், இல்லாட்டி வெளில ஒரு ப்ராஜெக்ட் சென்டருக்கு போ அங்க பணம் கட்டுன்னு சொல்லுவாங்க, அங்க என்ன நடக்குதுன்னா பழைய ரிப்போர்ட்ட எடுத்து பேரை மாத்தி பைண்டிங் போட்டு கையில கொடுத்துடுவாங்க, அது காப்பின்னே அந்தப் பிள்ளைக்கு தெரியாமக்கூட இருக்கும். இதைச் சொல்றது அவள காப்பாத்தறதுக்காக இல்ல, விசாரணைல கேக்க வேண்டிய கேள்வி இதுன்னு சொல்றேன்.

அவ வேலை செஞ்சிருந்தா தடயம் இருக்கும். லேப் நோட், ஆட்டோகிளேவ் ரெஜிஸ்டர், இன்குபேட்டர் லாக், ஸ்டோர்ல கெமிக்கல் வாங்கின இன்டென்ட், ஃபோன்ல ப்ளேட் ஃபோட்டோ (இப்ப எல்லா பசங்களும் ப்ளேட் ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடறாங்க, தேதியோட இருக்கும்). அதெல்லாம் இருந்தும் டேபிள் மட்டும் பழசுன்னா, ரிசல்ட் "சரியா" வரலன்னு பயந்து சீனியர் நம்பரை எழுதினாளான்னு கேளுங்க. ஜோன் வரலன்னா அதுவும் ரிசல்ட்தான்னு நம்ம ஊர்ல எத்தனை கைடு பசங்களுக்கு சொல்லித் தர்றாங்க, "நெகட்டிவ் வந்தா வைவால மார்க் வராது"ன்னு சொல்றதத்தானே நான் கேட்டிருக்கேன்.

சாட்ஜிபிடி விஷயத்தை டேபிளோட சேர்க்காதீங்க, தனியா வைங்க. தன் எழுத்த தமிழ்ல எழுதி இங்கிலீஷ்க்கு மாத்தினது உங்க காலேஜ் ரூல்ல தடைன்னு முன்னாடியே எழுத்துல சொல்லியிருக்கீங்களா? சொல்லலன்னா இப்ப அதுக்கு தண்டனை கொடுக்கிறது நியாயம் இல்ல. ஏஐ டிடெக்டர் ஸ்கோரை மட்டும் வச்சு யாரையும் பிடிக்கவும் கூடாது. சாட்ஜிபிடி பண்ணின ஓபன்ஏஐ தன்னோட சொந்த டிடெக்டரையே துல்லியம் போதலன்னு 2023 ஜூலைல எடுத்துட்டாங்க. அதே வருஷம் ஸ்டான்ஃபோர்ட் ஆளுங்க ஏழு டிடெக்டரை சோதிச்சாங்க, இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவங்க தாங்களே எழுதின 91 டோஃபல் (இங்கிலீஷ் தேர்வு) கட்டுரைய கொடுத்தா சராசரியா பாதிக்கும் மேல ஏஐ எழுதினதுன்னு தப்பா சொல்லுது. வாண்டர்பில்ட் யுனிவர்சிட்டி 2023 ஆகஸ்ட்ல டர்னிட்டின்னு காப்பி கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர்ல இருந்த ஏஐ டிடெக்டர் வசதியவே நிறுத்திட்டாங்க. தமிழ் மீடியத்துல படிச்சிட்டு வந்த பிள்ளைங்க எழுதற எளிமையான இங்கிலீஷ்தான் இதுல முதல்ல மாட்டும், அதை நெனச்சா எனக்கு நிஜமாவே கோபம் வருது.

வக்கீல்_தென்பக்கம்:

சட்டப் பக்கம் மட்டும் சொல்றேன். மேடம் எழுதினதுல எனக்கு பட்டது ஒரே வரி, அந்தப் பொண்ணுகிட்ட இதுவரைக்கும் யாரும் கேக்கலங்கறது. 1962ல சுப்ரீம் கோர்ட் கன்ஷியாம் தாஸ் குப்தா கேஸ்ல இதைத்தான் முடிவு பண்ணுச்சு. உத்தரப் பிரதேச போர்டு, பரீட்சைல முறைகேடுன்னு மூணு மாணவர்களோட ரிசல்ட்ட கேன்சல் பண்ணிட்டாங்க, விளக்கம் கேக்கவே இல்ல. மாணவனோட வாழ்க்கைய பாதிக்கிற முடிவு எடுக்கிற கமிட்டி நீதிமன்றம் மாதிரி நடந்துக்கணும், அவன் தரப்பை கேக்காம தண்டிக்கக்கூடாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு. 1970ல பீகார் போர்டு கேஸ்ல வேற மாதிரி தீர்ப்பு, ஒரு சென்டரே மொத்தமா காப்பின்னு அந்த சென்டர் பரீட்சைய ரத்து பண்ணும்போது ஒவ்வொருத்தனையும் தனித்தனியா விசாரிக்க வேண்டியதில்லன்னு. உங்களது ஒரு ஆள் மேல குத்தம் சொல்ற கேஸ், அதனால 1962 தீர்ப்புதான் உங்களுக்கு பொருந்தும். யுஜிசி ரெகுலேஷனும் சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபணம் ஆகணும், அப்பீல் வாய்ப்பு எல்லாம் முடியணும், தன் பக்கத்தை சொல்ல போதுமான வாய்ப்பு கொடுத்திருக்கணும், அப்புறம்தான் தண்டனைன்னு சொல்லுது.

நடைமுறைல எப்படின்னா, நோட்டீஸ்ல "காப்பி அடிச்சதா தெரிய வருது"ன்னு மொட்டையா எழுதாதீங்க. எந்த பக்கம், எந்த டேபிள், எந்த பழைய டெசர்டேஷன்ல எந்த பக்கத்தோட ஒத்துப்போகுது, ரெண்டோட ஜெராக்ஸும் சேர்த்து கொடுங்க, பதில் சொல்ல நியாயமான டைம் கொடுங்க. இன்னொண்ணு, பரீட்சை ஹால்ல பிட்டோட பிடிச்ச பையனை நிக்க வச்சு "நான் சொல்றத எழுது"ன்னு ஒப்புதல் கடிதம் வாங்கற பழக்கம் இருக்கு பாருங்க, அதை தயவுசெஞ்சு இங்க கொண்டு வராதீங்க. மிரட்டி வாங்கின லெட்டர் கோர்ட்ல நிக்காது, அது அந்தப் பிள்ளைய உடைச்சும் போடும். பெண் ஸ்டாஃப் ஒருத்தர் கூட இருக்கட்டும், அவ விரும்பினா வீட்ல இருந்து ஒருத்தர் வரட்டும், அவ சொன்னத அவ வார்த்தையிலயே மினிட்ஸ்ல எழுதுங்க, தமிழ்ல சொன்னா தமிழ்லயே.

தமிழ்த்துறை_ஸ்டாஃப்:

டேபிள சாஃப்ட்வேர் பிடிக்கலன்னு மேடம் சொன்னதுக்காக ஒரு விஷயம். எங்க துறைல இது இன்னும் மோசம். பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல டைப் பண்ணின ஆய்வேடும், ஸ்கேன் பண்ணி படமா ஏத்தினதும் ஷோத்கங்காவுல (ஆய்வேடுகள ஏத்தி வைக்கிற வெப்சைட்) நிறைய கிடக்கு, யூனிகோட்ல அடிச்ச புது ஆய்வேடு அதுல இருந்து அத்தியாயமே எடுத்திருந்தாலும் சாஃப்ட்வேருக்கு அது வேற எழுத்து. ரிப்போர்ட்ல 2 சதவீதம்னு வரும், கைதட்டி அனுப்பிடுவாங்க. அதே நேரத்துல குறள மேற்கோள் காட்டினவனுக்கு 20 வரும். எண்ணைப் பார்த்து தீர்ப்பு சொல்ற வழக்கம் ஒழியாம இது சரியாகாது. உங்க டிபார்ட்மென்ட் பழைய ப்ராஜெக்ட் எல்லாத்தையும் டைப் பண்ணின சாஃப்ட் காப்பியா வாங்கி லோக்கல் ரெப்பாசிட்டரில ஏத்த ஆரம்பிங்க மேடம், சீனியர் ரிப்போர்ட்ட எடுக்கிறது அப்பதான் குறையும்.

மைக்ரோ_மேடம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ரெஃபரன்ஸ் கழிச்சு திரும்ப ரன் பண்ணினேன், 34 வந்திருக்கு. பொண்ணுகிட்ட தனியா எதுவும் விசாரிக்கல, முறைப்படி லெட்டர் வரும், பயப்படாம உன் லேப் நோட், ஃபோட்டோ எல்லாம் எடுத்து வைன்னு மட்டும் சொன்னேன். ஆட்டோகிளேவ் ரெஜிஸ்டர்ல அவ பேர் பல தடவை இருக்கு, அதனால ப்ளேட் போட்டிருக்கான்னுதான் தோணுது, அதுக்கு மேல ஊகிக்க விரும்பல. எழுத்துல கம்ப்ளெயின்ட் கொடுக்கப் போறேன். ஒரு சிக்கல், பேனல் சேர்மன் ஹெச்ஓடி, அவர்தான் மாத்தி எழுதச் சொன்னவர், வெளி மெம்பரா கைடோட நண்பர வேற போட்டிருக்காங்க. கைடு விசாரணைல உக்காரலாமா?

ஓய்வு_சிஓஇ:

கைடு உக்காரக் கூடாது மேடம், சாட்சியா வேணா கூப்பிடலாம். தன் மேலயே புகார் இருக்கிற மெம்பர் அந்த மீட்டிங்ல இருந்து விலகணும்னு ரெகுலேஷன்லயே இருக்கு, அதே நியாயம் கைடுக்கும். கைடுகூட நட்புன்னா அந்த வெளி மெம்பரையும் மாத்தச் சொல்லி பிரின்சிபாலுக்கு எழுதுங்க, அந்த மெம்பர நியமிக்கிறது அவர்தான். ஹெச்ஓடி முன்னாடியே ஒரு முடிவு சொன்னவர்ங்கறதையும் அதே லெட்டர்ல மரியாதையா ஒரு வரில போடுங்க.

34ன்னா எழுத்துக்கு ஆறு மாசத்துக்குள்ள திருத்தம். டேபிளுக்கு என்னோட கருத்து, அவ கிட்ட சொந்த ப்ளேட் ரீடிங் இருந்தா அதை வச்சு ரிசல்ட்ஸ் சாப்டர திரும்ப எழுதட்டும், இல்லன்னா எக்ஸ்பெரிமென்ட்ட லேப்ல ஒரு ஸ்டாஃப் முன்னாடி திரும்ப போடட்டும், மீடியாவும் கல்ச்சரும் டிபார்ட்மென்ட் செலவுல கொடுங்க. வைவா தள்ளிப் போகும், போகட்டும். அவளுக்கு ஏதாவது கம்பெனி வேலை ஆஃபர் கொடுத்திருந்தா, அந்தக் கம்பெனிக்கு ப்ராஜெக்ட் ரிசல்ட் தாமதம்னு காலேஜ்ல இருந்து ஒரு லெட்டர் கொடுத்தா பல இடத்துல டைம் தருவாங்க, அதுக்கு ப்ளேஸ்மென்ட் செல்ல இப்பவே பேசுங்க. இன்னொண்ணு, ஒவ்வொரு கைடும் இந்த வேலைல காப்பி இல்லன்னு சர்டிபிகேட் கொடுக்கணும், செமஸ்டருக்கு செமஸ்டர் பசங்களுக்கு இதப் பத்தி விழிப்புணர்வு வகுப்பு நடத்தணும், ரெண்டும் ரெகுலேஷன்ல காலேஜ் மேல போட்ட கடமை. கைடு கையெழுத்து போட்ட சர்டிபிகேட் காப்பியும், கடைசியா வகுப்பு எப்ப நடந்துச்சுங்கற ரெஜிஸ்டரும் கம்ப்ளெயின்ட் ஃபைல்ல சேர்த்து வைங்க. பொண்ணுகிட்ட கேக்கிற கேள்விக்கு முன்னாடி பேனல் அந்த ரெண்டையும் பார்க்கட்டும்.