99 சதவீதம் போதாதா? 2027 லக்ஸோர் பயணம் பற்றி ஒரு விவாதம்

ஓஹாயோவாசி:
2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தின் லக்ஸோரில் ஆறு நிமிடத்துக்கு மேல் முழுச் சூரிய கிரகணம் தெரியும். எங்கள் நண்பர்களில் பாதிப் பேர் இப்போதே விடுதி தேடத் தொடங்கிவிட்டார்கள். இந்தச் செலவு தேவைதானா? 2024 ஏப்ரல் 8 கிரகணத்தை நான் சின்சினாட்டியில் வீட்டு வாசலில் நின்றே பார்த்தேன். சூரியன் 99 சதவீதத்துக்கு மேல் மறைந்தது. வெயில் மங்கியது, காற்று குளிர்ந்தது, கிரகணக் கண்ணாடி வழியே மெல்லிய கீற்று தெரிந்தது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எஞ்சியிருந்த அந்தத் துளிக்காகக் கடல் கடந்து போக வேண்டுமா?

நிழல்தேடி:
எல்லாமே அந்தத் துளியில்தான் இருக்கிறது, நண்பரே. சூரியனின் ஒளி முழுநிலவின் ஒளியைவிட ஏறத்தாழ நான்கு லட்சம் மடங்கு. அதில் நூற்றில் ஒரு பங்கு எஞ்சினாலும் நாலாயிரம் நிலவுகளின் வெளிச்சம். சூரியனைச் சுற்றியுள்ள மெல்லிய வெளி வளிமண்டலமான கரோனாவோ மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரு முழுநிலவின் அளவுக்குத்தான் ஒளிரும். நாலாயிரத்துக்கு நடுவே அந்த ஒன்றை எப்படிப் பார்ப்பது?

அன்று நான் முழு மறைவு தெரிந்த இண்டியானாபொலிஸில் இருந்தேன். கடைசி ஒளிப்புள்ளி வைர மோதிரமாகச் சுடர்விட்டு அணைந்தது, கண்ணாடியைக் கழற்றினோம். சூரியன் இருந்த இடத்தில் கன்னங்கரிய வட்டம். அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் வெண்ணிற இழைகள். வட்டத்தின் அடிவிளிம்பில் இளஞ்சிவப்பாக ஒரு தீப்பிழம்பு, தொலைநோக்கியே தேவைப்படவில்லை. பட்டப்பகலில் வெள்ளியும் வியாழனும் தெரிந்தன. தொடுவானம் நான்கு திசையிலும் அந்தி நிறத்தில் இருந்தது. பக்கத்தில் நின்ற முன்பின் அறியாத பெண்மணி என் கையைப் பற்றிக்கொண்டார். நான் அழுதுகொண்டிருந்தேன். சின்சினாட்டியிலிருந்து டேட்டன் காரில் ஒரு மணி நேரம். அங்கேயே இது முழுதும் தெரிந்தது.

கொங்குநாட்டான்:
உணர்ச்சியை மதிக்கிறேன், கணக்கையும் பார்ப்போம். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, திண்டுக்கல், திருச்சி வட்டாரத்தில் வளையக் கிரகணத்தைப் பல்லாயிரம் பேர் மொட்டைமாடியிலிருந்தே பார்த்தார்கள். பஸ் டிக்கெட்கூடத் தேவைப்படவில்லை. கரோனாவை ஆராய 2023-இல் ஏவிய ஆதித்யா எல்-1 விண்கலம் இருக்கிறது. மேகம் வந்தால் என்ன செய்வீர்கள்? 2009 ஜூலை 22 அன்று பீகாரின் தாரேகனாவில் கூடிய பெருங்கூட்டம் மேகத்தை மட்டுமே பார்த்துத் திரும்பியது. லக்ஸோருக்கு ஒரு குடும்பம் போய்வரும் பணத்தில் ஓர் அரசுப் பள்ளிக்கு நல்ல தொலைநோக்கியே வாங்கித் தரலாம். நான் அதைத்தான் செய்வேன்.

நிழல்தேடி:
தொலைநோக்கி வாங்கிக் கொடுங்கள், நானும் பங்கு தருகிறேன். ஆனால் வளையக் கிரகணத்தை இதனோடு ஒப்பிடாதீர்கள். அன்று நிலவு தொலைவில் இருந்ததால் அதன் உருவம் சிறுத்து, சூரியனை முழுதாக மூட முடியவில்லை. கடைசிவரை கண்ணாடியைக் கழற்ற வழியில்லை, கரோனாவும் தெரியவில்லை. ஆதித்யா அறிவியலுக்கு. நான் பேசுவது மனிதக் கண்ணைப் பற்றி. கரோனாவின் உட்பகுதிக்கும் வெளிப்பகுதிக்கும் இடையே ஒளியளவில் அத்தனை பெரிய வேறுபாடு. ஒரே படத்தில் கேமராவால் அதை அடக்க முடிவதில்லை. பல படங்களை எடுத்து இணைக்கிறார்கள். கண் அதை ஒரே பார்வையில் வாங்கிக்கொள்கிறது.

மேகம் பற்றிய அச்சம் நியாயமானது. அதனால்தான் லக்ஸோர். ஆகஸ்ட் மாதப் பாலைவனத்தில் மேகம் அபூர்வம்.

ஹூப்ளி டீச்சர்:
1980 பிப்ரவரி 16 அன்று நான் ஹூப்ளியில் இளம் ஆசிரியை. முழு மறைவு இரண்டரை நிமிடத்துக்கு மேல் நீடித்தது. எங்கள் தெருவில் கதவைத் திறந்தவர்கள் மிகச் சிலர். கர்ப்பிணிகளை உள்ளறையில் வைத்துப் பூட்டினார்கள், சமைத்ததைக் கொட்டினார்கள். காகங்கள் கூட்டுக்குத் திரும்புவதை நாங்கள் சிலர் மட்டும் மாடியிலிருந்து பார்த்தோம். கொங்குநாட்டான் தம்பி, பணம் இல்லாதவர் போகாதது வேறு. வீட்டு வாசலுக்கே வந்ததைப் பார்க்காமல் விட்டவர்களை நினைத்து எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. ஒரே ஊருக்கு முழுக் கிரகணம் மீண்டும் வர, சராசரியாக ஏறத்தாழ 375 ஆண்டுகள் ஆகும். 1871 டிசம்பர் 12 அன்று அவிநாசி, புதுக்கோட்டை வழியாக அந்த நிழல் போனது. உங்கள் ஊர்ப்பக்கம்தான்.

கொங்குநாட்டான்:
அவிநாசி எனக்குத் தெரியாமல் போயிற்றே, டீச்சர்! ஆனாலும் எகிப்துக்கு நான் வரவில்லை. 2034 மார்ச் 20 அன்று நிழல் லடாக் பக்கம் வருகிறது. பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் ரயிலிலும் பஸ்ஸிலும் போய்விடலாம்.

நிழல்தேடி:
மார்ச்சில் அங்கே மலைப்பாதைகளில் பனி மூடியிருக்கும், மேகத்துக்கும் உத்தரவாதம் இல்லை. அதற்கும் வாருங்கள், இதற்கும் வாருங்கள் என்பேன்.

ஓஹாயோவாசி:
நாலாயிரம் நிலவுக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். செலவைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. என் மகளுக்கு ஒன்பது வயது. லக்ஸோரின் ஆகஸ்ட் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் என்கிறார்களே, அவள் தாங்குவாளா?

ஹூப்ளி டீச்சர்:
நண்பகலை ஒட்டித்தான் மறைவு, சூரியன் கிட்டத்தட்ட உச்சியில் இருக்கும். அவளை நிற்க வைக்காதீர்கள். பாய் விரித்து நிழலில் படுக்க வைத்து, கடைசிக் கால்மணி நேரத்துக்கு மட்டும் வெளியே கொண்டுவாருங்கள். படுத்தபடியே பார்க்கட்டும். கண்ணாடியைக் கழற்றும் நேரத்தையும், அதைவிட முக்கியமாக, மீண்டும் அணியும் நேரத்தையும் இப்போதே சொல்லிப் பழக்குங்கள்.