பாத்டப்புக்கும் டைல்ஸ் சுவருக்கும் நடுவில் இடைவெளி: எப்படி அடைப்பது?

எங்கள் பாத்டப் விளிம்புக்கும் டைல்ஸ் சுவருக்கும் நடுவில் எதை வைத்து அடைத்தாலும் நிற்கவில்லை. கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் படர ஆரம்பித்துவிட்டது. அங்கே வயதான அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார், அதுதான் பெரிய கவலை.

கோவையில் அடுக்குமாடி வீடு, இரண்டாவது தளம். அக்ரிலிக் டப், 1700-க்கு 700 மில்லிமீட்டர், இரும்புக் கால்கள் மேல் நிற்கிறது. நீளவாக்குப் பக்கம்தான் தொந்தரவு. டப் காலியாக இருந்தால் இடைவெளி சுமார் 4 மில்லிமீட்டர். தண்ணீர் நிரப்பி ஆள் உட்கார்ந்தால் 7 வரை விரிகிறது. வருவது போர் தண்ணீர், உப்பு அதிகம்.

போன கோடையில் கொத்தனார் வெள்ளை சிமென்ட் பூசினார், சீக்கிரமே உதிர்ந்தது. அப்புறம் எபாக்ஸி கிரவுட், அதாவது டைல்ஸ் இடுக்கில் நிரப்பும் பிசின் கலவை. கல் மாதிரி இறுகியது, ஆனால் டப் அசைந்ததும் ஓரத்தில் விட்டுக்கொண்டது. கடைசியாக பிளம்பர் சிலிகான் அடித்தார், வினிகர் வாடை வரும் வகை. பழையதை முழுக்கச் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, டப்பில் தண்ணீர் நிரப்பி வைத்துத்தான் அடித்தோம்; ஒரு நாள் முழுக்கக் காயவும் விட்டோம். அப்படியும் மழைக்காலம் முடிவதற்குள் கருப்புப் பூஞ்சை பிடித்து உரிகிறது. கவனித்தால் டைல்ஸ் பக்கம் மட்டும்தான் உரிகிறது, டப் பக்கம் நன்றாகவே பிடித்திருக்கிறது. மட்டம் வைத்துப் பார்த்தாச்சு, டப் சாயவில்லை.

இப்படி அசையும் டப்புக்கு, இடைவெளியில் நுரைக் கயிறு திணித்து மேலே பூஞ்சை பிடிக்காத நியூட்ரல் சிலிகான் (வினிகர் வாடை வராத வகை) அடித்தால் போதுமா, இல்லை முதலில் அடியில் தாங்கல் கொடுத்து ஆட்டத்தை நிறுத்தியே ஆக வேண்டுமா?