விடியற்காலையில் காரணமில்லாமல் கூவும் புகை அலாரம்: பெங்களூரு வீடுகளின் அனுபவங்கள்

ஜெயநகரிலிருந்து:

கடந்த டிசம்பரில் தொடர்ந்து நான்கு நாட்கள், விடியற்காலை மூன்றரை மணிக்கு மேல் எங்கள் வீட்டில் எங்கிருந்தோ ‘கீச்’ என்று ஓர் ஒலி கேட்டது. ஒரு முறை கேட்டு அடங்கிவிடும். ஏறக்குறைய ஒரு நிமிடம் கழித்து மறுபடி கேட்கும். முதல் நாள் இன்வெர்ட்டரைச் சந்தேகித்து அதை அணைத்தோம். இரண்டாம் நாள் கைப்பேசிகளையெல்லாம் அணைத்தோம். மூன்றாம் நாள், கௌளி சாஸ்திரத்தில் தேர்ந்தவரான என் மாமியார் எழுந்து உட்கார்ந்து சற்று நேரம் கேட்டுவிட்டு, “இது பல்லி இல்லை” என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். நான்காம் நாள்தான், என் கொழுந்தனார் அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்பியபோது கொண்டுவந்து கூடத்து மேல்தளத்தில் மாட்டிய புகை அலாரத்திலிருந்து அது வருகிறது என்று கண்டுபிடித்தோம். காலை எட்டு மணிக்கு ஏணி வைத்து ஏறினால் சத்தமே இல்லை. வீட்டில் புகையும் இல்லை, அடுப்பும் பற்றவைக்கவில்லை. இதற்கு என்ன காரணம் என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ராஜாஜிநகரிலிருந்து:

அம்மா, அது நெருப்புக்கான எச்சரிக்கை அன்று. பேட்டரி தீரப்போகிறது என்ற அறிவிப்பு. புகையைக் கண்டால் அலாரம் நிறுத்தாமல் அலறும். நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும் கீச்சிட்டால் முதலில் பேட்டரியைத்தான் பார்க்க வேண்டும். விடியற்காலையில் மட்டும் ஏன் என்றால், டிசம்பர் மாதத்தில் நம் ஊரில் வெப்பநிலை 15, 16 டிகிரிக்கு இறங்குவது அந்த நேரத்தில்தான். குளிரில் பேட்டரியின் உள்தடை கூடி மின்னழுத்தம் சற்றுக் குறையும். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் பேட்டரி அப்போது எல்லைக்குக் கீழே போய்விடும். வெயில் ஏறி வீடு சூடானதும் மின்னழுத்தம் மீண்டும் உயர்ந்துவிடுவதால், நீங்கள் ஏணியில் ஏறும்போது அது ஒன்றும் அறியாததுபோல் இருக்கிறது. புதிய 9 வோல்ட் பேட்டரி போடுங்கள். அதோடு, கருவியின் பின்புறம் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதியையும் பார்த்துவிடுங்கள்.

ஒயிட்ஃபீல்டிலிருந்து:

எங்கள் குடியிருப்பில் நடந்தது இதைவிடப் பெரிய கூத்து. இங்கே ஒவ்வொரு வீட்டுக் கருவியும் தரைத்தளத்தில் காவலர் அறையிலுள்ள பேனலோடு இணைக்கப்பட்டிருக்கிறது. மே மாதத்தில் ஒரே வாரத்தில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நள்ளிரவில், ஹூட்டர் அலறி, பதினான்கு மாடிக்காரர்களும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் இறங்கினோம். மூன்று முறையும் பேனல் காட்டியது ஒன்பதாம் மாடியில் ஒரே வீட்டை. அந்த வீடோ பூட்டிக் கிடந்தது. ஆளில்லாத வீட்டில் என்ன புகை என்று ஆளுக்கொரு கதை கட்டினோம்.

உரிமையாளரிடம் சாவி பெற்று, பராமரிப்பு ஊழியர் கருவியைக் கழற்றித் திறந்தபோது நானும் அருகில் நின்றேன். உள்ளே கறுப்பு பிளாஸ்டிக்கில், வெளிச்சம் புகாதபடி வளைந்து வளைந்து செல்லும் தடுப்புகளுக்கு நடுவே உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறிய அறை இருந்தது. அதன் ஒரு பக்கம் அகச்சிவப்பு ஒளியை விடும் விளக்கு. மறுபக்கம் ஒளி உணரி. இரண்டும் ஒன்றையொன்று நேராகப் பார்க்காத கோணத்தில் வைக்கப்பட்டிருக்கும். காற்று தூய்மையாக இருக்கும்வரை உணரிக்கு இருட்டுதான்; புகைத் துகள் நுழைந்தால் ஒளி அதில் பட்டுச் சிதறி உணரியை எட்டும், உடனே அலாரம் அடிக்கும். அந்த அறைக்குள் கடுகைவிடச் சிறிய சிலந்தி ஒன்று, கண்ணுக்கு மிக அருகில் கொண்டுவந்தால்தான் தெரியும் அளவுக்கு மெல்லிய வலையைப் பின்னி வைத்திருந்தது. சிதறிய ஒளி புகையிலிருந்து வந்ததா, நூலாம்படையிலிருந்து வந்ததா என்று பிரித்தறியக் கருவிக்கு வழியில்லை. ஊழியர் மென்மையான தூரிகையால் துடைத்து, காற்றடித்து மாட்டினார். அதன் பிறகு அந்த வீட்டிலிருந்து சத்தமில்லை.

என் ஆதங்கம் வேறு. இரண்டாம் முறை அடித்தபோதே கீழே இறங்க மறுத்தவர்கள் பலர். மூன்றாம் முறை பாதிப் பேர் படுக்கையிலேயே இருந்துவிட்டார்கள். நானும் யோசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இந்திராநகரிலிருந்து:

எங்கள் வீட்டில் அலாரம் அடித்தது எப்போதும் மாலை நேரத்தில்தான். மோர்க்குழம்புக்கு மிளகாய் கிள்ளிப்போட்டுத் தாளித்தால் போதும். புகையே தெரியாதபோதும் அடிப்பதால் கருவி பழுது என்றே நினைத்தோம். பிறகுதான் அது அயனியாக்க வகை என்று தெரிந்தது. அதில் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் மிக நுண்ணிய அளவில் இருக்கிறது. அது காற்றை அயனியாக்கி ஒரு சிறு மின்னோட்டத்தை ஓடவிடுகிறது. துகள்கள் நுழைந்தால் மின்னோட்டம் குறைந்து அலாரம் அடிக்கும். கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள்களையும் அது பிடித்துவிடும் என்பதால், காய்ந்த எண்ணெயின் ஆவியும் தாளிப்பின் நெடியும் அதற்குத் தீயாகவே படுகின்றன. நமக்குக் கமறல் எடுக்கும் முன்பே அதற்கு எடுத்துவிடுகிறது என்று என் கணவர் கேலி செய்வார். அதை அடுப்பிலிருந்து 10 அடிக்கு அப்பால் நகர்த்தி, சமையலறைக்குள் வெப்பத்தை மட்டும் உணரும் கருவியை மாட்டியபின் தொல்லை நின்றது. வெந்நீர்க் குளியலின் ஆவியாலும் அடிக்கக்கூடும் என்பதால் குளியலறை வாசலுக்கு நேராகவும் மாட்டவில்லை.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலிருந்து:

எங்கள் குடியிருப்பில் ஒரு கிரகப்பிரவேசத்தின் கணபதி ஹோமம் விடியற்காலை ஐந்து மணிக்கு மொத்தக் கட்டடத்தையும் எழுப்பியது. இப்போது ஹோமம் என்றால் முன்கூட்டியே காவலரிடம் எழுதிக்கொடுக்க வேண்டும். அவர் அந்த வீட்டுக் கருவியை மட்டும் பேனலில் விலக்கிவைத்து, முடிந்ததும் மீண்டும் சேர்க்கிறார். ஆனால் சேர்ப்பதை மறந்துவிடும் ஆபத்து உண்டு. என் வீட்டில் தரைக்கல் வெட்டியபோது தூசி போகாமலிருக்க வேலையாட்கள் கருவிக்கு பிளாஸ்டிக் மூடி போட்டார்கள். ஆறு மாதம் கழித்து மின்விசிறி துடைக்க ஏறியபோதுதான், மூடி அப்படியே இருப்பதைப் பார்த்தேன். பொய்யாக அடித்த நாட்களைவிட அந்த ஆறு மாத அமைதிதான் என்னை அதிகம் உலுக்கியது.

ஜெயநகரிலிருந்து மீண்டும்:

அனைவருக்கும் நன்றி. பேட்டரியை மாற்றினேன், இருந்தும் கீச்சொலி நிற்கவில்லை. பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் தயாரிப்பு ஆண்டு 2011. பத்தாண்டுகளில் மாற்ற வேண்டும் என்றும் அதிலேயே அச்சிட்டிருக்கிறது, நாங்கள்தான் ஒரு நாளும் கழற்றிப் பார்க்கவில்லை. ஒளிச்சிதறல் வகையில் புதியது ஒன்று வாங்கி, பூஜையறையில் மாமியார் வெள்ளிக்கிழமை போடும் சாம்பிராணிப் புகை நேரே போய்ச் சேராத இடமாகப் பார்த்து மாட்டியிருக்கிறோம். இதுவரை இரண்டு வெள்ளிக்கிழமைகள் கழிந்திருக்கின்றன.