அமெரிக்காவின் நாஸ்கார் கார்ப் பந்தயத் தடமான டலடேகாவில் முதல் கார் ஏன் தனியாக ஓடித் தப்ப முடிவதில்லை?

கேள்வி: 2.66 மைல் ஓவல் (நீள்வட்டத் தடம்), வளைவுகளில் 33 டிகிரி பக்கச் சரிவு. அப்படியும் முதலில் போகிறவரால் கூட்டத்தை உதற முடியவில்லையே, ஏன்?

பதில் 1: காற்றைக் கிழிக்கும் வேலை முழுதும் அவர் தலையில். பின்னால் ஒட்டி வருபவருக்கு இழுவை குறைவு. அவர் காரின் மூக்கு முன்காரின் ஸ்பாய்லருக்கு (காரின் பின்முனையில் நிற்கும் தகடு) பின்னால் சுழலும் காற்றை அடக்குவதால் முன்காருக்கும் லாபம். இரண்டு சேர்ந்தால் ஒற்றைக் காரைவிட வேகம். தனியே போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

பதில் 2: சைடு டிராஃப்டை விட்டுவிட்டீர்களே! பக்கத்துக் காரின் பின்சக்கரத்தருகே உங்கள் மூக்கைக் கொண்டுபோனால் காற்று அதன் ஸ்பாய்லரில் குவிந்து அதைப் பின்னுக்கு இழுக்கும். உடனே விலகிவிட வேண்டும். தாமதித்தால் அவர் அதையே உங்களுக்குத் திருப்பிச் செய்வார்.

கேள்வி கேட்டவர்: பம்பரில் முட்டித் தள்ளுவது?

பதில் 1: நேர்ப்பாதையில், பம்பர் நடுவில் மட்டும். வளைவில் இடது பின்மூலையில் பட்டால் முன்கார் சுழன்றுவிடும். நெடுநேரம் ஒட்டியே போனால் ரேடியேட்டருக்குக் காற்று கிடைக்காமல் இன்ஜின் சூடேறும்.

பதில் 3: இதன் உச்சம் பார்க்க 2024 அட்லாண்டா நாஸ்கார் பந்தயம். மூன்று கார்கள் பக்கம்பக்கமாகக் கோட்டைத் தொட்டன. டேனியல் சுவாரெஸ் ரயான் பிளேனியை 0.003 விநாடியில் முந்தினார். கைல் புஷ் மூன்றாவது. வீடியோவில் கடைசி 100 மீட்டரை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், சிலிர்க்கும்!