கோலாலம்பூர் வெப்பத்தில் மால்ட்டிலிருந்தே பேல் ஏல்: எதில் கவனம் வைப்பது?

செந்தூல்வாசி (கேள்வி)

நண்பர்களுக்கு வணக்கம். பெர்த்தில் படித்த காலத்தில், டப்பாவில் வரும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாற்றைக் கரைத்து வீட்டுத் தோழர்களோடு பியர் காய்ச்சிப் பழகியவன் நான். இப்போது செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். சாற்றை விட்டுவிட்டு, மால்ட் தானியத்திலிருந்தே பேல் ஏல் என்னும் எளிய வெளிர்நிறப் பியர் ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். கையில் 35 லிட்டர் எவர்சில்வர் பானையும், அதற்கேற்பத் தைத்த மெல்லிய துணிப்பையும், நல்ல வெப்பமானியும் இருக்கின்றன. தானியத்தை ஊறவைக்கும் ஒரு மணி நேரமும் வெப்பநிலை இறங்காமல் காப்பதற்குத் தனித் தொட்டி வாங்கத்தான் வேண்டுமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். பெர்த்தில் நொதிக்கும் வாளிமேல் ஈரத்துணியைச் சுற்றி மின்விசிறியைத் திருப்பி வைப்போம். இங்கும் அது போதுமா?

ஆயர் ஈத்தாம் வாசகர்

வணக்கம். தனித் தொட்டி வேண்டாம். அந்தப் பணம் வேறிடத்தில் தேவைப்படும். 28 லிட்டர் நீரை 70 டிகிரிக்குச் சூடாக்கி, பையை விரித்து, அரைத்த மால்ட் 4.6 கிலோவைக் கட்டி விழாமல் கிளறிக்கொண்டே கொட்டினால், கலவை 67 டிகிரியை ஒட்டி வந்து நிற்கும். அதில் 300 கிராம் மட்டும் நிறமும் இனிப்பும் தரும் கிரிஸ்டல் மால்ட்டாக இருக்கட்டும், மற்றதெல்லாம் பேல் மால்ட். பானையை மூடிப் போர்வையால் சுற்றி விட்டுவிடுங்கள். நம் சமையலறையின் வெப்பத்தில் அத்தனை நீர் ஒரு மணி நேரத்தில் ஓரிரு டிகிரிக்கு மேல் இறங்காது. அப்படி இறங்கினாலும் கெடுதல் இல்லை. 60 முதல் 65 டிகிரி வரை சுறுசுறுப்பாக இருக்கும் பீட்டா அமைலேசும், 70ஐ ஒட்டி விரைந்து செயல்படும் ஆல்ஃபா அமைலேசும், அதாவது மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் மால்ட்டின் நொதிகள் இரண்டும், அந்த இடைவெளியில் சேர்ந்தே வேலை செய்யும். சற்றுத் தாழ்ந்தால் பியர் இனிப்புக் குறைந்து மெலிதாக வரும், உயர்ந்தால் வாயில் கனத்து நிற்கும்.

பையைத் தூக்கிப் பிழிந்தபின், மூடியில்லாமல் ஒரு மணி நேரம் கொதிக்க விடுங்கள். மூடினால் டைமெதில் சல்ஃபைடு வெளியேற வழியின்றி, வேகவைத்த சோளத்தின் வாடை தங்கிவிடும். கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களில் கேஸ்கேடு வகையைப் போடுங்கள்: கொதி தொடங்கியதும் 25 கிராம், முடிய 15 நிமிடம் இருக்கையில் 30 கிராம், அடுப்பை அணைத்ததும் 40 கிராம். அமெரிக்கப் பேல் ஏலின் முகமே அந்த ஹாப்ஸ்தான் என்பதால், முதல் முறைக்கு வேறெதையும் தேட வேண்டியதில்லை. வாளியில் சேரும் 20 லிட்டரின் ஒப்படர்த்தி (நீரை 1 எனக் கொண்ட அடர்த்தி, கரைந்த சர்க்கரையைக் காட்டுவது) ஏறத்தாழ 1.045 இருக்கும். நொதித்து முடிகையில் அது 1.011க்கு இறங்கினால், மது அளவு 4.5 விழுக்காடு.

நீங்கள் இரண்டாவதாகக் கேட்டதைத்தான் நான் முதலாவதாக வைப்பேன். ஈரத்துணி குளிர்விப்பது அதிலுள்ள நீர் ஆவியாவதால். பெர்த்தின் வறண்ட கோடைக் காற்று அந்த நீரை விரைவாக வாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே ஈரம் நிறைந்த நம் காற்று வாங்காது. துணி நனைந்தே கிடக்கும், வாளியோ குளிராது. ஈஸ்ட் வேலை செய்யும்போது தானும் வெப்பத்தை விடுவதால், அறை 29 டிகிரியில் இருந்தால் வாளிக்குள் 32, 33 வரை ஏறிவிடும். வழக்கமான ஏல் ஈஸ்டை 18 முதல் 22 டிகிரிக்குள் வைப்பதே நல்லது. அதைத் தாண்டி, குறிப்பாக முதல் இரண்டு மூன்று நாட்களில், வெப்பம் ஏற ஏற ஃபியூசல் ஆல்கஹால்களும் எஸ்டர்களும் மிகுந்து, தொண்டையை எரிக்கும் காரமும் நகப்பூச்சு நீக்கியின் நெடியும் சேர்ந்துவிடும். எத்தனை நல்ல மால்ட்டைப் போட்டிருந்தாலும் அதன்பின் அந்தப் பியரைக் காப்பாற்ற முடியாது. ஆகவே, தொட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் பழைய குளிர்பெட்டி ஒன்றையும், வெப்பநிலை பார்த்து அதன் மின்சாரத்தை நிறுத்தி இயக்கும் கருவியையும் வாங்குங்கள்.

பட்டர்வொர்த் நண்பர்

அடுப்பை மூட்டும் முன் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் மதுபானம் தயாரிப்பதை 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டம் உரிமத்தின் கீழ் வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பழகியதை அப்படியே இங்கே தொடரலாம் என்று எண்ணிவிடாமல், சுங்கத்துறை அலுவலகத்திற்கு நேரில் சென்று உங்கள் நிலையைத் தெளிவாகக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

பெட்டாலிங் ஜெயா வாசகர்

சட்டத்தைப் பற்றி நண்பர் சொன்னதை நானும் வலியுறுத்துகிறேன். குளிர்பெட்டி விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டு வந்த குவைக் என்னும் ஈஸ்ட் வகை வெப்பத்தை விரும்புவது. அதில் வோஸ் என்னும் வகை உலர்ந்த பொடியாகவே கிடைக்கிறது. 35 முதல் 40 டிகிரி வரை அதற்கு மிகவும் உகந்தது. நம் குழாய் நீரே ஏறக்குறைய 28 டிகிரியில் வருவதால், கொதித்த வோர்ட்டை, அதாவது நொதிக்காத மால்ட் சாற்றை, 20 டிகிரிக்குக் கொண்டுவர ஐஸ் கட்டிகளோடு போராட வேண்டியிருக்கும். குவைக்குக்கு 35 டிகிரியே போதும், குழாய் நீரோடும் செப்புச் சுருள் ஒன்றே அதுவரை குளிர்வித்துவிடும். நம் வெப்பத்தை எதிர்த்து மின்சாரம் செலவழிப்பதைவிட, அதை விரும்பும் ஈஸ்டைத் தேடிக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

செந்தூல்வாசி

அனைவருக்கும் நன்றி. முதலில் சுங்கத்துறையில் கேட்டுவிடுகிறேன். என் வீட்டில் இரண்டாவது குளிர்பெட்டிக்கு இடமில்லை. குவைக்கைப் போட்டாலும் அது பேல் ஏலாகவே சுவைக்குமா, ஐயா? குழாய் நீரை அப்படியே எடுக்கலாமா?

பெட்டாலிங் ஜெயா வாசகர்

வோஸ் மெல்லிய ஆரஞ்சுத் தோல் மணத்தைத் தரும். கேஸ்கேடும் எலுமிச்சை, பம்ப்ளிமாஸ் பழங்களின் சாயல் உடையது என்பதால் இரண்டும் நன்றாக இணையும். ஆனால் மால்ட்டும் ஹாப்ஸும் மட்டுமே தெரிகிற, ஈஸ்டின் குரல் கேட்காத தெளிந்த பேல் ஏல்தான் வேண்டும் என்றால், ஆயர் ஈத்தாம் நண்பர் சொன்ன வழியே சரி.

குழாய் நீரிலுள்ள குளோரின் மால்ட்டின் ஃபீனால்களோடு சேர்ந்து மருந்து நெடியை உண்டாக்கும். 28 லிட்டருக்கு அரை கேம்ப்டன் மாத்திரையை (மது காய்ச்சுவோர் பயன்படுத்தும் சல்ஃபைட் மாத்திரை) கரைத்தால் அது நீங்கிவிடும். ஆற்றிலிருந்து வரும் நம் நீர் மென்மையானது. பேல் ஏலுக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்து நீரோ ஜிப்சம் செறிந்தது. ஹாப்ஸின் கசப்பைத் துலக்கிக் காட்டுவது அதிலுள்ள சல்ஃபேட்தான். 5 கிராம் ஜிப்சம் சேர்த்துப் பாருங்கள், வேறுபாடு நாவிலேயே தெரியும்.

புட்டியில் அடைக்கும்போது அவசரம் கூடாது. குவைக் சில நாட்களிலேயே ஓய்ந்துவிட்டதைப் போலத் தோன்றும், ஆனாலும் ஒப்படர்த்தி மூன்று நாள் இடைவெளியில் மாறாமல் நிற்கிறதா என்று அளந்தபிறகே அடையுங்கள். நம் வெப்பத்தில் பியருக்குள் தங்கும் கரியமில வாயு குறைவு என்பதால், புட்டிக்குள் மீண்டும் நொதித்து நுரை எழ லிட்டருக்கு 7 கிராம் வெள்ளைச் சர்க்கரை தேவைப்படும். நொதித்தல் முழுமையாகாத பியரில் அதைப் போட்டால் புட்டி வெடித்து ஆளைக் காயப்படுத்தும். தடித்த பியர்ப் புட்டிகளை மட்டுமே பயன்படுத்தி, மூடியுள்ள பெட்டியில் வைத்து, பிள்ளைகளின் கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள்.